முன்னே போன பை

திருக்கோணமலைக்கு நாங்கள் இருமுறை புறப்பட்டோம். முதல் முறை எங்கள் பை மட்டும் போயிற்று. இரண்டாம் முறை அந்தப் பையைத் தேடிக்கொண்டு நாங்கள் போனோம். கடல் கடந்து கண்ட கோயிலைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். கடலுக்கு இப்பால், இந்த ஐதராபாத்துக்குள்ளேயே நாங்கள் செய்த பயணத்தை முதலில் எழுதிவிடத் தோன்றுகிறது.

புறப்படும் நாளன்று வேளை சரியாக அமையாவிட்டால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் பயணத்துக்குரிய பொருள்கள் சிலவற்றைக் கட்டி, வாசற்படி தாண்டி, இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பரஸ்தானம் என்போம். பை போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்டது. ஆள் பிறகு எந்த வேளையில் கிளம்பினாலும் குற்றமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்து வரலாகாது. அது முன்னால்தான் போக வேண்டும்.

பதிகம் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசிப்பது என்று நானும் என் மனைவி சிவகாமியும் இளமையிலேயே முடிவு செய்திருந்தோம். தொழிற்சாலை விடுமுறைகளிலும், ஓய்வுபெற்ற பின்னர் ஆண்டு முழுவதிலுமாக, அநேகமாக எல்லாம் முடிந்தன. கடலுக்கு அப்பால் இரண்டும் பனிமலையில் ஒன்றும் எஞ்சியிருந்தன. கடலை முதலில் கடப்போம் என்று பயணச்சீட்டு வாங்கினோம். என் வேட்டி ஒன்று, அவள் புடவை ஒன்று, திருநீற்றுப் பை, கோணேசர் சந்நிதியில் உடைக்க ஒரு தேங்காய். இவற்றை ஒரு பையில் வைத்து, அல்வாலில் எங்கள் எதிர்வீட்டுச் சுஜாதம்மாவிடம் நல்ல வேளையில் கொடுத்தோம். மறுநாள் விடியலில் அடுக்களையில் சிவகாமி சரிந்து விழுந்தாள்.

இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. அறுவை முடிந்த பின்னர் நோய்த்தொற்று வந்து காய்ச்சல் பற்றிக்கொண்டது. பல வாரங்கள் எந்திரம்தான் அவளுக்காக மூச்சு விட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, குளிரூட்டிய நடையில், பழுப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த எந்திரத்தின் ஓசை கேட்கும். ஏறும், தணியும், மீண்டும் ஏறும். நான் பார்த்திராத ஒரு கடலின் அலை அது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அரைத் தூக்கத்தில் ஒரு காட்சி அடிக்கடி வரும்: ஆளில்லாத சாலையில் எங்கள் பை தானாகப் போய்க்கொண்டிருக்கும். வாய் கட்டாத பை. புடவைத் தலைப்பு சற்றே வெளியே தொங்கும். நான் கூப்பிடுவேன். அது நிற்காது.

எந்தத் தலத்துக்குப் போவதாயினும் அந்தத் தலத்தின் பதிகத்தைச் சில நாள் முன்னிருந்தே ஓதுவது எங்கள் முறை. நான் பாடுவேன், அவள் தாளமிடுவாள். மருத்துவமனை நடையிலும் ஓதினேன். ஆறாம் பாட்டின் நடுவில் இருந்தபோது மருத்துவர் வெளியே வந்து, "இன்றிரவு தாண்ட வேண்டும்" என்றார். அவள் அந்த இரவைத் தாண்டினாள். நான் அந்தப் பாட்டைத் தாண்டவில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூடும் திருமுறை வகுப்பில் ஊரெல்லாம் உள்ள தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்; ஏட்டைப் பார்த்தாலும் எனக்கு ஆறாம் பாட்டுக்கு மேல் குரல் எழாமற் போயிற்று.

ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சிவகாமி எழுந்தாள், நடந்தாள், ஒருநாள் என்னைத் திட்டினாள். அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மருத்துவர் சோதனைகளையெல்லாம் பார்த்துவிட்டு, "கடற்கரை ஊர் என்றால் போய் வாருங்கள். மலை இப்போதைக்கு வேண்டாம்" என்றார். நான் "மலை வேண்டாம்" என்பதைக் கேட்டுக்கொண்டேன். அவள் எதைக் கேட்டுக்கொண்டாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உண்மையில் எனக்குக் கடலும் வேண்டாமென்றுதான் இருந்தது. வீட்டில் அவள் மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. வெளியூரில் அது எப்படி இருக்குமோ? ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். விரலில் கவ்வி உயிர்க்காற்றின் அளவைக் காட்டும் கருவி ஒன்று என் சட்டைப்பையில் இருக்கும். எந்த இடத்தில் அந்த எண் இறங்கினாலும் மறுபேச்சின்றி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பிவிட்டால் அந்தப் பயணம் முடிந்தது; மறுபடி கேட்கக் கூடாது.

"சரி" என்றாள். "மொதல்ல எதிர்த்த வீட்டுல பைய வாங்குங்க."

சுஜாதம்மா கோதாவரிக் கரையைச் சேர்ந்தவர். எங்களுக்கு உடன்பிறந்தாள் போன்றவர்; என்னை அன்னய்யா என்றும் சிவகாமியை வதினா என்றும் அழைப்பார். பையைக் கேட்டதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தெலுங்கில், "பை என்கிட்ட இல்லையே அன்னய்யா. அது போயிருச்சு" என்றார்.

"எங்கே?"

"முன்னால. எங்க தாத்தா சொல்லுவாரு, பரஸ்தானம் ஒரே வீட்டுல சில நாளைக்கு மேல தங்கினா செத்துப்போகும், நகர்த்தணும்னு. வதினா அங்க அப்படிக் கெடக்காங்க. நான் வந்து உங்ககிட்ட, 'பை செத்துப்போச்சு, எடுத்துக்கோங்க'ன்னு சொல்லவா? மல்காஜ்கிரி ஜெபமணிக்குப் போன் பண்ணினேன். வந்து எடுத்துட்டுப் போனா. அவளும் எத்தனை நாள் வைப்பா? ராமச்சந்திராபுரத்துல உங்க ஃபாக்டரி நண்பர் வீட்டுக்குக் கொடுத்தா."

நான் ஓய்வுபெற்றவன். ஆனாலும் பொறியாளன் புத்தி போகவில்லை. "இலங்கை தென்கிழக்கில் இருக்கிறது. பை நேர் மேற்கே போயிருக்கிறதே!"

"அங்கேருந்து ஏர்போர்ட்டுக்கு ரோடு இல்லையா என்ன? பெரிய இன்ஜினீர்!" என்றார் சுஜாதம்மா.

ஒரு வண்டியை அனுப்பிப் பையை வீட்டுக்கே வரவழைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சிவகாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன பேச்சு பேசுதீய அத்தான்? போன பைய வீட்டுக்குள்ள கொண்டாந்தா அதுக்குப் பேரு பயணமா? நாம அது பின்னால போவோம். ஒரு நாள் மல்காஜ்கிரி, ஒரு நாள் ராமச்சந்திராபுரம், அங்கனேருந்து அப்படியே விமானம். வைத்தியர் படிப்படியா நடக்கத்தான சொன்னாரு?"

முதல் நாள் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் இளைஞர், எங்களை ஏற்றிக்கொண்ட பிறகுதான் எரிவாயு தீர்ந்துபோனதை நினைத்துக்கொண்டார். நேரே கொண்டுபோய் எரிவாயு நிரப்பும் நீண்ட வரிசையின் வாலில் நிறுத்தினார். முன்னால் மஞ்சள் முதுகுகள் வெயிலில் அசையாமல் நின்றன. நான் கருவியை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். எண் நன்றாகவே இருந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி எடுத்தேன்.

"வண்டிக்குத்தான் காத்து எறங்கிருக்கு, எனக்கு எறங்கல" என்று அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, அது என்னவென்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் தம் விரலையும் நீட்டினார். பிறகு பின்னால் நின்ற வண்டிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கரும்புச்சாறு பிழிபவர் கடைசியாக வந்தார். அவருடைய எண்தான் எல்லாரிலும் உயர்ந்தது. மகிழ்ச்சியில் எங்களுக்கு இஞ்சி தட்டிப்போட்டுச் சாறு கொடுத்தார். கூட்டமாகக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்த அவர்களுக்கு நடுவே சிவகாமி ஒரு விழாவின் தலைவி போல் அமர்ந்திருந்தாள். கருவி என் கைக்குத் திரும்பி வர நேரமாயிற்று.

ஜெபமணி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சொந்த ஊர் நாசரேத்து. செகந்தராபாத்தில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. காய்கறிச் சந்தையில் ஒருநாள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே அவள் முனகிய ஒரு சொல்லில் திருநெல்வேலியைக் கண்டுபிடித்துச் சிவகாமி சொந்தம் கொண்டாடியது முதல், எங்களுக்கு அவள் உறவு.

"வாங்க அண்ணாச்சி. யக்கா, மெதுவா, மெதுவா. வாசப்படி ஏறிட்டீயளே!"

இடியாப்பமும் சொதியும் செய்திருந்தாள். சிவகாமிக்கென்று உப்புக் குறைத்துத் தனிச்சட்டி. இந்த ஊர்ப் புளிக்கும் மிளகாய்க்கும் நாற்பதாண்டு பழகிய நாக்கு எனக்கு. ஆனாலும் தேங்காய்ப்பாலின் மென்மையில் பருப்பும் முருங்கைக்காயும் கரைந்து கிடந்த அந்தச் சொதியை உண்ணும்போது, தாமிரபரணி அந்தத் தெருமுனையில் திரும்பி ஓடுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பீரோவின் மேல், சிலுவைக்குக் கீழே, பை இருந்த இடத்தை ஜெபமணி காட்டினாள். "ஜெபத்துல வச்சிருந்தோம் அண்ணாச்சி. உள்ள திருநீறு இருக்குன்னு தெரியும். ஆண்டவருக்குத் தெரியாதா, எது யாருக்குன்னு?"

அவள் மகள் பள்ளிச் சீருடையுடன் வந்து சிவகாமியை உற்றுப் பார்த்தாள். தமிழ் புரியும்; வாய் திறந்தால் தெலுங்குதான். "பையோட ஆன்டி இவங்கதானா?" என்று தாயைக் கேட்டாள். "நிஜமாவே இருக்காங்களா!"

ஜெபமணி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சிவகாமி சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. "எடுக்காதீய" என்றாள், இருமலுக்கு நடுவே.

மறுநாள் காலை ஜெபமணி தன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் எங்களை லிங்கம்பள்ளி செல்லும் உள்ளூர் ரயிலில் ஏற்றிவிட்டாள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் காதில் எதையோ செருகிக்கொண்டு, கண் மூடி, நின்றபடியே உறங்கினர். ஒரு பெண் எழுந்து எங்களுக்கு இடம் கொடுத்தாள். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ரயில் நின்றது; ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று, எவரோ விளையாடி வைத்துவிட்டுப் போனவை போல் இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கல் இருந்தால் அதற்கு ஒரு பெயரும் ஒரு கோயிலும் வந்திருக்கும். இங்கே அவற்றின்மேல் துணி உலர்ந்தது.

கொய்யாப்பழம் விற்பவள் வந்தாள். "காயா, பழமா?" என்று சிவகாமி தெலுங்கில் கேட்டாள். "உங்களைப் போலம்மா, நடுவாந்தரம்" என்றாள் அவள். அந்தப் பெட்டியில் விழித்திருந்தவர் எல்லாரும் சிரித்தார்கள். ரயில் நகர்ந்தது. அந்த அசைவில் நான் சற்றுக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். பை மறுபடி எனக்கு முன்னால் போயிற்று. இம்முறை அது ஒரு மேடேறி நின்று, திரும்பிப் பார்த்தது. பைக்கு முகம் உண்டா? ஆனாலும் பார்த்தது.

இறங்கிய பிறகுதான் சோதனை. வெளியேறும் வழி எதிர்ப்புறம். நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மின்தூக்கியின் முன்னே ஒரு பலகை குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. நான் படிகளை அண்ணாந்து பார்த்தேன். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, "இதோ, திரும்பிவிடலாம்" என்று நிம்மதியாகச் சொல்லிற்று.

"போயிருவோம்" என்றேன்.

"எங்க?"

"வீட்டுக்கு."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். சில படிகள், ஒரு நிற்றல், வாய்க்குள் ஏதோ ஓதுதல், மறுபடி சில படிகள். சிகிச்சைப் பயிற்சியில் அவளுக்குக் கற்பித்த முறையா, பதிகத்தின் அடிக்கணக்கா, எனக்குத் தெரியவில்லை. நான் அவளுக்குப் பின்னால், விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக, இரு கைகளையும் விரித்துக்கொண்டு, பெட்டியையும் இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினேன். உச்சியை அடைந்ததும் எனக்குக் கண் இருட்டிற்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து என் விரலில் மாட்டினாள். குனிந்து எண்ணைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒப்பந்தத்துல யாரு வெரலுன்னு போட்டிருக்கு? உங்களதுன்னா இப்பமே திரும்பணும்."

"நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்."

"ஏன் பிடிச்சீய? என் மூச்ச நான் விடுதேன். உங்க மூச்ச நீங்க விடுங்க." பக்கத்தில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். கீழே ஒரு ரயில் போயிற்று. பாலம் மெல்ல அதிர்ந்தது. கடந்துபோனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு, ஆற்றுநீர் கல்லைச் சுற்றிக்கொள்வது போல், போனார்கள். எண் மெதுவாக ஏறியது. அவளுடையதை அவள் பார்க்கவே இல்லை.

ராமச்சந்திராபுரத்தில் மொயினுத்தீன் தெருமுனையிலேயே நின்றிருந்தார். தொழிற்சாலையின் விசையாழிப் பிரிவில் என்னோடு இருபதாண்டு வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களிடம் கற்ற தமிழை அவர் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று இந்த ஊர் உருதுவும் அதில் கலந்து வரும்.

"ஆவோ பிள்ளை சாப்! பாபி, வாங்க, வாங்க. அரே, பாபி ஜம்முனு இருக்கு. நீங்க கைக்கு இப்படி, டிபார்ட்மென்ட் இன்ஸ்பெக்ஷன் வந்த மாதிரி மூஞ்சி?"

"பாலத்துல மயக்கம் போட்டுட்டாவ" என்றாள் சிவகாமி.

"ஹவ்? ப்ளட் ப்ரெஷர்?"

"பயம்."

"பயம் நக்கோ சாப்" என்று அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி சுபைதா எங்களுக்கென்று புதுப் பாத்திரம் வாங்கிச் சமைத்திருந்தார்: பகாரா சோறு, புளிப்புப் பருப்பு, உப்பைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டிய கத்தரிக்காய். சாப்பாட்டுக்கு முன்னே நான் பையைத்தான் தேடினேன். வாசற்கதவுக்குள்ளே, தெருவைப் பார்த்த ஒரு நாற்காலியில், விருந்தாளி போல் அது உட்கார்ந்திருந்தது.

"மொதல்ல பின் ரூம்ல வச்சோம்" என்று மொயினுத்தீன் சொன்னார். "சுஜாதம்மா போன்ல சொல்லிச்சு, ஒரே எடத்துல வைக்க நக்கோ, நகத்தணும்னு. இங்கேருந்து யார் வீட்டுக்கு அனுப்ப? இவ ஒரு ஐடியா பண்ணா. வெள்ளிக்கு வெள்ளி, ஜும்மாவுக்கு ஜும்மா கொஞ்சம் கொஞ்சம். பின் ரூம், அலமாரி, சமையல் ரூம் வாசல், கூடம். இப்ப கதவு வந்திருச்சு. அடுத்த ஜும்மா நீங்க வரலைன்னா தெருவுலதான் வச்சிருக்கணும்."

சுபைதா தணிந்த குரலில் உருதுவில் சேர்த்துக்கொண்டார்: பாபி மருத்துவமனையில் எழுந்து உட்கார்ந்தார் என்று செய்தி வந்த வாரம், பை சமையலறை வாசலுக்கு வந்திருந்தது.

மருத்துவமனை நடையில் உறங்கிக்கொண்டிருந்தவன் கண்ட காட்சி என் கண்முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. புடவைத் தலைப்பு சற்றே வெளியே தொங்கியது.

"உள்ளே ஏதோ பேசுது" என்றார் சுபைதா. "நகத்தும்போது கேக்குது. திறக்கல."

சிவகாமி பையைத் திறந்து தேங்காயை வெளியே எடுத்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். ஓட்டுக்குள் பருப்பு கழன்று உருண்டது. நீர் வற்றி முற்றிய கொப்பரை. ஓட்டை விட்டுக் கழன்ற கொப்பரையை, உடலை விட்டுப் பற்றற்ற உயிருக்கு உவமை சொல்வது மரபு. வகுப்பில் எத்தனையோ முறை நானே சுவைபட விளக்கியிருக்கிறேன். அன்று அந்த உவமை எனக்கு இனிக்கவில்லை. என் முகம் போன போக்கை அவள் பார்த்துவிட்டாள்.

"தத்துவம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "சாமிக்கு அங்கன புதுசா ஒண்ணு வாங்கிக்கிடுவோம். சுபைதா, வத்தல் இருக்கா? பூண்டு வேண்டாம். இடிச்சிருவோம்."

அன்று மாலை முழுவதும் அந்த வீட்டில் கொப்பரையும் மிளகாயும் இடிபடும் மணம். இரு பெண்களும் ஒருவர் மொழியில் மற்றவர் பேசிச் சிரித்தார்கள். நானும் மொயினுத்தீனும் வாசலில் அமர்ந்து, தொழிற்சாலைப் பேருந்துகள் பணி முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்தோம். எந்தப் பேருந்தும் எங்களுக்காக நிற்கவில்லை. எங்களுக்கும் எழத் தோன்றவில்லை.

மறுநாள் காலை குளித்துத் திருநீறணிந்து புறப்பட்டோம். பையைச் சிவகாமி தானே எடுத்து வாசற்படியைத் தாண்டினாள். பிறகு, ஏதோ மறந்ததுபோல் உள்ளே திரும்பினாள். தன் பெட்டியிலிருந்து மஞ்சள் துணிப்பை ஒன்றை எடுத்துச் சுபைதாவிடம் கொடுப்பதைச் சன்னல் வழியே கண்டேன்.

"பின் ரூம்லேருந்து ஆரம்பிங்க" என்றாள்.

"ஹவ் பாபி" என்றார் சுபைதா, கேள்வி எதுவும் கேட்காமல்.

வண்டி வெளிவட்டச் சாலையில் ஏறியது. காலைப் பனிமூட்டத்தில் பாறைகள் மிதந்தன. எங்கள் பை அவள் மடியில் இருந்தது. முந்திய மாலை இடித்த பொடியின் டப்பா அதற்குள்ளிருந்து மணத்தது.

"சுபைதாவிடம் என்ன கொடுத்தாய்?" என்று கேட்டேன்.

"பரஸ்தானம்."

"புறப்பட்டுத்தானே இருக்கிறோம்! யாருக்கு?"

"நமக்குத்தான். அடுத்ததுக்கு."

"உள்ளே என்ன?"

"உங்க கம்பளிச் சால்வ. இலங்கையில வேக்காடு, எதுக்குச் சொமக்கணும்?"

மருத்துவமனை நடையில் நான் போர்த்தியிருந்த சால்வை. கம்பளி தேவைப்படும் தலம் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. அது எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

"மருத்துவர் மலை வேண்டாமென்றாரே, சிவகாமி."

"இப்போதைக்குன்னாரு." அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பின் ரூம்லேருந்து வாசலுக்கு வர நாளாகும்லா?"

"உன் பொருள் ஒன்றும் வைக்கவில்லையா?"

"ஒரு சால்வ போதும் ரெண்டு பேருக்கும்."

சட்டைப்பையில் கருவி உறுத்தியது. எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். சக்கரங்களின் ஓசை ஏறித் தணிந்து, மீண்டும் ஏறியது. அந்த அலையின்மேல் பதிகத்தை எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மடியிலிருந்த பையின்மேல் தாளமிட்டாள். ஆறாம் பாட்டு வந்தது. அவள் கை நிற்கவில்லை. நானும் நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போனேன்.